பயன்படுத்திய ஜெனரேட்டரைப் பழைய கேம்பர் வேனில் பொருத்துவது: எந்த இடத்தில், எந்த முறையில்?

நீள்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏறக்குறைய 30 ஆண்டுப் பழைய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கி உறங்கும் வசதியுள்ள வேன்). கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் எஞ்சின். மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த உடல். கூரையில் ஒரு சிறிய ஏசி. வெளி மின்இணைப்பு உள்ள இடங்களில் மட்டுமே அந்த ஏசியை இயக்க முடிகிறது என்பதால், கழற்றி விற்கப்பட்ட ஒரு வாகன ஜெனரேட்டரை வாங்கியிருக்கிறேன். அதன் பெயர்ப்பலகையில் 2.8 கிலோவாட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 3000 சுழற்சி என்று பொறிக்கப்பட்டுள்ளது. நான்கு ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது என்று விற்றவர் கூறினார். மணிக்கணக்குக் காட்டும் மீட்டரில் 410 இருக்கிறது.

வேனின் இடப்பக்கத்தில், படுக்கைக்குக் கீழே, முன்பு சமையல் எரிவாயு உருளை வைத்திருந்த அறை காலியாக இருக்கிறது. அதற்கு வெளிப்புறக் கதவு உண்டு. தரையில் காற்றுத் துளையும் உண்டு. அளவெடுத்துப் பார்த்ததில் ஜெனரேட்டர் அதற்குள் சரியாக அடங்குகிறது. பெட்ரோலுக்கு எஞ்சினுக்குச் செல்லும் குழாயிலேயே ஒரு டி இணைப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றும், மின்சாரத்துக்கு வெளி இணைப்புச் செருகியையே ஜெனரேட்டரில் செருகிக்கொள்ளலாம் என்றும் எண்ணியிருக்கிறேன். வேலையைத் தொடங்குமுன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

நண்பரே, இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இயந்திரத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். பொருத்தி முடித்த பிறகு பழுது தெரிந்தால் அத்தனை வேலையையும் திரும்பச் செய்ய நேரிடும். அதைத் தரையில், திறந்த வெளியில் வைத்து முழுவதுமாகச் சோதித்துத் தேறிய பின்னரே வேனின் பக்கம் கொண்டுவாருங்கள்.

மீட்டர் காட்டும் 410 மணி நேரத்தை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரை மாற்றுவது எளிது. சிலிண்டரின் நிலையை அறியப் பலர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரைச் செருகிப் பார்த்து, அளவு குறைவாக இருக்கிறதென்று கலங்குவார்கள். இத்தகைய சிறு எஞ்சின்கள் பலவற்றில், ஸ்டார்ட் செய்யும்போது சுலபமாகச் சுழல்வதற்காக வால்வைச் சிறிதளவு திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆகவே நல்ல எஞ்சினும் அந்தச் சோதனையில் குறைந்த அளவையே காட்டும். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனையே நம்பத்தக்கது. கசியும் காற்றின் ஓசை ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் தேய்ந்திருக்கிறது. கார்புரேட்டரில் கேட்டால் உள்வால்வு. சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு. கசிவு 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் நான் மனநிறைவோடு பொருத்துவேன். 30 விழுக்காட்டைத் தாண்டினால், விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பேன்.

நான்கு ஆண்டு கிடந்த இயந்திரம் என்பதால் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் உலர்ந்து பிசினாகப் படிந்திருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் வேகம் ஏறியும் இறங்கியும் அலைபாய்ந்தால், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைத் திருகுவதற்கு முன், கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் ஜெட் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அதைச் செய்யாமல் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து வைத்து, அதன் விளைவாக வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் கெடுத்துக்கொண்டு வருபவர்களைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

டி இணைப்பு வேண்டாம். உங்கள் வேனில் எஞ்சினின் பெட்ரோல் பம்ப் குழாயிலிருந்து உறிஞ்சியே எடுக்கிறது. ஜெனரேட்டர் நின்றிருக்கும்போது அந்தக் கிளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டால், சாலையில் எஞ்சின் திணறி நிற்கும். டேங்கில் தனியாக ஒரு எடுப்புக் குழாய் பொருத்துங்கள். அதன் முனை, டேங்கில் கால் பங்கு பெட்ரோல் மீதமிருக்கும் உயரத்தில் முடிய வேண்டும். அப்படி வைத்தால் இரவெல்லாம் ஏசி ஓடினாலும் ஊர் திரும்புவதற்கான பெட்ரோல் டேங்கிலேயே இருக்கும்.

செப்புக்கம்பி எழுதியது:

மின்பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன். பெயர்ப்பலகையில் 50 ஹெர்ட்ஸ், 3000 சுழற்சி என்றிருப்பதால் அதிலுள்ள மின்னாக்கி இரண்டு காந்த முனை கொண்ட ஆல்டர்னேட்டர். சுழற்சியை முனைகளின் எண்ணிக்கையால் பெருக்கி 120 ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். இதே கணக்கில் 3600 சுழற்சிக்கு அமைந்த இயந்திரம் 60 ஹெர்ட்ஸ் தரும். வேறு மின்முறைக்காகச் செய்யப்பட்ட இயந்திரம் கைமாறி வருவது பழைய பொருள் சந்தையில் வழக்கமான ஒன்று. அதை வேகம் குறைத்து ஓட்டிச் சரிக்கட்டுவது வைண்டிங்கையும் (கம்பிச்சுருளையும்) மோட்டார்களையும் சூடாக்கும் என்பதால், இதைப் படிக்கும் மற்றவர்களும் பெயர்ப்பலகையை முதலில் பார்க்க வேண்டுகிறேன். உங்களுடையது பொருந்துகிறது.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் வைண்டிங்கின் காப்பை 500 வோல்ட் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவியால்) சோதியுங்கள். மின்னணு ரெகுலேட்டரின் இணைப்புகளைக் கழற்றிவிட்டே மெகரை வைக்க வேண்டும். மறந்தால் ரெகுலேட்டர் எரிந்துவிடும். வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறைந்தால் இயந்திரத்தைக் கிளப்பாதீர்கள். பெரும்பாலும் அது ஈரமாகவே இருக்கும், உலர்த்தினால் மீளும். பிறகு கார்பன் பிரஷ்களின் நீளத்தையும், அவை தொடும் வளையங்களின் மேற்பரப்பையும் பாருங்கள். சுமையில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அளவிலும், முழுச் சுமையில் 50 ஹெர்ட்ஸை ஒட்டியும் நின்றால் கவர்னர் நல்ல நிலையில் உள்ளது.

வெளி இணைப்புச் செருகியைக் கொண்டே ஜெனரேட்டரை இணைக்கும் உங்கள் திட்டத்தில் ஒரு நன்மை உண்டு: ஒரே செருகி இரண்டு இடத்திலும் இருக்க முடியாது என்பதால், இரண்டு மின்மூலங்களும் ஒருபோதும் சேர்ந்துகொள்ளா. ஆனால் அதற்கான சாக்கெட், ஜெனரேட்டரின் வெப்பமும் பெட்ரோல் ஆவியும் படாத இடத்தில் இருக்க வேண்டும். நிலையாகப் பொருத்துவதானால், இரண்டு மின்மூலங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைப்பதே முறை; அந்த சுவிட்ச் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்; ஒரு பக்கத்தை விடுவித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

நியூட்ரலையும் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது அதுவே மின்மூலம் என்பதால், அதன் நியூட்ரலும் வேனின் சேஸிஸும் (அடிச்சட்டமும்) ஜெனரேட்டரிலேயே ஓரிடத்தில் இணைந்திருக்க வேண்டும். அந்த இணைப்பு இல்லாவிட்டால், ஏசியின் உடலில் மின்கசிவு ஏற்பட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழி இருக்காது. நீங்கள் நம்பியிருக்கும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. வெளி இணைப்பில் இருக்கும்போதோ, அந்த இணைப்பு, வேன்கள் தங்கும் முகாமுக்கு மின்சாரம் வழங்கும் இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒற்றை முனை சுவிட்சால் நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிட்டால் இரண்டு இடத்தில் இணைப்பு அமைந்து, மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பி வழியே திரும்பி, முகாமின் ஆர்சிசிபி காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் தேடியும் இந்தக் காரணம் புலப்படாமல் ஏசியையே மாற்றிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

இரவுத்தங்கல் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் சொன்னவை சரியானவை. ஆனால் இந்த இழையில் யாரும் இன்னும் அந்த அறையைப் பற்றிப் பேசவில்லை. நீள்சாலை அவர்களே, படுக்கைக்குக் கீழே, மரப்பலகைச் சுவருக்கு அப்பால், தரையில் துளையுள்ள ஒரு பெட்டிக்குள் பெட்ரோல் எஞ்சினை வைக்கப் போகிறீர்கள். நான் இதற்கு முழுமையாக எதிராக இருக்கிறேன். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

எனது வேனிலும் ஜெனரேட்டர் இடப்பக்கத்தில் இருந்தது. முறையான இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனால் புகைக்குழாயின் முனை வேனின் விளிம்பைத் தாண்டாமல், அடிப்பகுதியிலேயே முடிந்திருந்தது. ஒரு மாலை, மழை வரும்போல் இருந்ததால், மண்மேட்டை ஒட்டி வேனை நிறுத்தினோம். காற்று அந்த மேட்டில் மோதித் திரும்பி, புகையை வேனின் அடியிலேயே சுழற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் எதையும் நுகரவில்லை, எதையும் பார்க்கவில்லை. என் மனைவி தலை வலிக்கிறது என்றார்; நெடும் பயணத்தின் களைப்பு என்று நானும் நம்பினேன். அரைமணி நேரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தது. கதவைத் திறந்து வெளியே வந்து நின்ற பிறகுதான் எனக்கும் தலை வலித்துக்கொண்டிருந்ததை உணர்ந்தேன். அந்த அலாரத்தை முந்தைய மாதம்தான் வாங்கியிருந்தேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு சேர்ந்துகொள்கிறது. தூய காற்றுக்கு வந்த பின்னும் அதன் அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். காற்றின் அடர்த்தியை ஒட்டிய அடர்த்தி உடையது என்பதால் அது கீழேயும் தங்காது, மேலேயும் தங்காது, அறை முழுவதும் கலந்துவிடும். வினையூக்கி இல்லாத பழைய பெட்ரோல் எஞ்சினின் புகையில், கார்புரேட்டர் சரியாக இல்லாவிட்டால், நூற்றில் சில பங்கு அளவுக்கே இந்த வாயு இருக்கும். பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கும் மிகக் குறைந்த அளவே மனிதரை வீழ்த்தப் போதுமானது. தூங்குபவருக்குத் தலைவலிகூட எச்சரிக்கையாக வந்து சேராது.

உங்கள் உருளை அறையின் தரைத்துளை, காற்றைவிடக் கனமான எரிவாயு கசிந்தால் கீழே வழிந்துபோவதற்காக வைக்கப்பட்டது. எஞ்சினின் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு அது போதவே போதாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதாவது 9 கிலோவாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவு இயந்திரம் 2 கிலோவாட் மின்சாரம் தரும்போது மணிக்கு 1.2 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே செல்வது 10 கிலோவாட்டுக்கும் மேல்; மின்சாரமாக வெளிவருவது 2; மீதம் 8 கிலோவாட்டுக்கும் மேலான வெப்பம் அந்த அறையிலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் வெளியேறியாக வேண்டும். அந்த மரப்பலகையின் மறுபக்கம் மெத்தை இருக்கிறது.

வெயில்தகடு எழுதியது:

இரவுத்தங்கல் அவர்கள் கூறியதைப் படித்த பிறகு ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. ஜெனரேட்டரே தேவையா? கூரையில் சூரியத் தகடும், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வைத்தால் புகையும் இல்லை, ஓசையும் இல்லை.

செப்புக்கம்பி எழுதியது:

விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு நீங்கள் சொல்வது மிகச் சரி. ஏசிக்குக் கணக்கு வேறு. 12.8 வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி என்பது 2.56 கிலோவாட்-மணி. சிறிய கூரை ஏசி 1.2 கிலோவாட் இழுத்தால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அவ்வளவையும் மறுநாள் பகலில் நிரப்பும் அளவுக்குத் தகடு வைக்கச் சிறிய வேனின் கூரையில், ஏசி பிடித்துக்கொண்டது போக, இடம் எஞ்சுவது அரிது. மாலையில் இரண்டு மணி நேரம் குளிரூட்டினால் போதும் என்பவர்களுக்கு பேட்டரியே சிறந்தது என்பதை ஏற்கிறேன்.

ஜெனரேட்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏசியின் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். 2.8 கிலோவாட் இயந்திரம் அதைத் தாங்குமா என்பதைத் தரையில் வைத்தே, அந்த ஏசியையே இணைத்துச் சோதியுங்கள். திணறினால் கம்ப்ரஸருக்கு, கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தலாம். உயரமான மலைப்பகுதிக்குச் செல்வீர்களானால், காற்று அடர்த்தி குறைவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3.5 விழுக்காடு திறன் குறையும். 1500 மீட்டரில் உங்கள் 2.8 என்பது 2.3 ஆகிவிடும்.

நீள்சாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உருளை அறையை நான் கைவிட்டுவிட்டேன். அந்த அறையின் உட்சுவரில் மூன்று இடங்களில் குழாய்க்கும் கம்பிக்கும் போட்ட துளைகள் அடைக்கப்படாமலே இருந்ததை நேற்று கண்டேன். அறைக்குள் விளக்கை ஏற்றி வைத்துக் கதவை மூடிவிட்டு, இருட்டில் படுக்கைப் பக்கம் இருந்து பார்த்தபோது வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தது.

வேறு இடம் என்று பார்த்தால், பின்புறம் வேனின் அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடம் இருக்கிறது. ஸ்டெப்னியைப் பின்கதவுக்கு மாற்றிவிட்டு, அங்கே சேஸிஸில் ஒரு தொட்டில் கட்டி ஜெனரேட்டரைத் தொங்கவிடலாமா?

பட்டறைக்காரர் எழுதியது:

அது நல்ல இடம். ஆனால் எடையைக் கணக்கிடுங்கள். இயந்திரம் 60 கிலோ, பெட்டியும் தொட்டிலும் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வேனின் இரு அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் தூரமும், ஜெனரேட்டர் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னாலும் இருந்தால், பின் அச்சில் கூடுவது 80 கிலோ அன்று, ஏறக்குறைய 107 கிலோ. முன் அச்சிலிருந்து 27 கிலோ உயர்த்தப்படுகிறது. ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டினால் அது முன்பைவிடவும் பின்னுக்குப் போகிறது. ஆகவே அதை வேறெங்காவது, முடிந்தால் முன்பக்கமாகக் கொண்டுபோங்கள். பயணத்துக்குரிய பொருள்கள் அனைத்தையும் ஏற்றி, எடை மேடையில் அச்சு வாரியாக நிறுத்துப் பார்த்து, பின் அச்சின் வரம்புக்குள் இடம் இருந்தால் மட்டுமே தொடருங்கள். பழைய வேனின் பின் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருந்தால் அவற்றையும் கவனிக்க வேண்டும்.

தொட்டிலைச் சேஸிஸ் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். மரத்தளத்தில் ஒரு போல்ட்டும் போடாதீர்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளே வளைவின் பளுவைச் சுமப்பவை என்பதால் அவற்றில் துளையிடக் கூடாது. செங்குத்தான நடுப்பகுதியில் துளையிட்டு, உள்பக்கம் கனத் தகடு வைத்து, தானாகத் தளராத நட்டுகளைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் டேங்குக்கு அருகில் வெல்டிங் செய்யவே கூடாது. தொட்டிலை வெளியே வெல்டிங் செய்து கொண்டுவந்து போல்ட்டால் மாட்டுங்கள். ரப்பர் புஷ்கள் பழைய இயந்திரத்தோடு வந்தவையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர் கிழிந்தாலும் இயந்திரம் சாலையில் விழாதபடி, புஷ்ஷுக்குள் போல்ட் முழுவதுமாக ஊடுருவிச் செல்லும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்த்து, பின்னால் வந்த வண்டியின் முன் இயந்திரம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் வலியுறுத்துகிறேன்.

செல்ஃப் ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கேபிளும் முக்கியம். அது 100 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து போய்வர 8 மீட்டர் செம்புக் கேபிள் என்று கணக்கிட்டால், 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 0.9 வோல்ட் அளவுக்கு வீணாகும். 35 சதுர மில்லிமீட்டரில் 0.4 வோல்ட்தான். துருப்பிடித்த சேஸிஸை நம்பி எர்த்தை விடாமல், திரும்பும் பாதைக்கும் தனிக் கேபிள் போடுங்கள்.

இரவுத்தங்கல் எழுதியது:

இடம் மாறியதில் மகிழ்ச்சி. ஆனாலும் அடியில் தொங்கவிட்டால் புகைச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எனக்கு நேர்ந்தது அடியில் முடிந்த புகைக்குழாயால்தான்.

புகைக்குழாயை வேனின் பக்கவாட்டு விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே கொண்டுவந்து முடியுங்கள். அதன் முனை எந்த ஜன்னலுக்கும், கதவுக்கும், காற்றுத் துளைக்கும் கீழே இருக்கக் கூடாது. பின்பக்கமாக முடிப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். வேன் ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகை பின்கதவை நோக்கி இழுக்கப்படும். பழைய கதவின் ரப்பர் காய்ந்து இறுகியிருந்தால் அது உள்ளே நுழைந்துவிடும். பயன்படுத்திய இயந்திரத்தோடு வரும் சைலன்சரைத் தட்டிப் பாருங்கள். மடிப்பு ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் புகை பெட்டிக்குள்ளேயே கசியும். கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள். தீப்பொறி தடுக்கும் வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். உலர்ந்த புல்லின் மேல் நிறுத்தும்போது அது தேவைப்படும்.

பெட்டியின் மேல்பக்கத்துக்கும் வேனின் தளத்துக்கும் இடையே ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) அடித்து, ஓரங்களையும் கேபிள் நுழையும் துளைகளையும் வெப்பம் தாங்கும் பூச்சால் அடையுங்கள். குளிர்காற்று உள்ளே வரும் வழியையும் சூடான காற்று வெளியேறும் வழியையும் இயந்திரத்தின் கையேடு சொல்லும் அளவுக்குக் குறையாமல் விடுங்கள். வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே இழுக்கப்படாதபடி இரண்டுக்கும் இடையே தடுப்பு வேண்டும்.

அலாரத்தைப் பொறுத்தவரை, வாகனங்களுக்கென்று வகுக்கப்பட்ட ஈ.என். 50291-2 தரத்தைச் சேர்ந்ததை வாங்குங்கள். வீட்டுக்கான வகை, அதிர்வையும் வெப்ப மாறுதலையும் கருதிச் சோதிக்கப்பட்டதன்று. இந்தத் தரப்படி 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பிபிஎம்மில் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பிபிஎம்மில் 3 நிமிடத்துக்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். 50-க்குக் குறைவான அளவில் நீண்ட நேரம் அது மௌனமாகவே இருக்கலாம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்வீர்கள். ஆகவே பொருத்திய பின் சோதிப்பதற்கு, ஒற்றை இலக்கத்தில் அளவு காட்டும் ஒரு மீட்டரை யாரிடமாவது வாங்கிவந்து வையுங்கள். அலாரத்தின் மேல் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கும். உணரி தேய்ந்த பிறகும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கவே செய்யும்.

எல்லோரும் உறங்கும் நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். இதில் என் கருத்து மாறாது.

பட்டறைக்காரர் எழுதியது:

கடைசிக் கருத்தில் மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன். முறையாகப் பெட்டியிட்டு, முறையாகப் புகையை வெளியேற்றி, இரண்டு அலாரங்களோடு இரவில் ஓட்டுபவர்கள் பலர் உண்டு. மிகுந்த வெப்பத்தில் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கும்போது ஏசியை நிறுத்துவதும் ஆபத்தே.

இரவுத்தங்கல் எழுதியது:

அப்படிப்பட்ட இரவில் வெளி மின்இணைப்பு உள்ள இடத்தில் தங்க வேண்டும் என்பது என் விடை. முறையான பொருத்தமே எனினும், நீங்கள் உறங்கிய பிறகு பக்கத்தில் இன்னொரு வேன் வந்து நின்றால் காற்றோட்டம் மாறிவிடும். அவர்களுடைய ஜெனரேட்டரின் புகைக்குழாய் உங்கள் ஜன்னலை நோக்கியும் இருக்கலாம். அதற்கு உங்கள் பொருத்தத்தில் விடை கிடையாது.

நீள்சாலை எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை முடிந்துவிட்டது. கண்டவற்றை உள்ளபடி பதிகிறேன்.

மெகர் முதலில் 0.4 மெகாஓம் காட்டியது. விளக்கின் வெப்பத்தில் இரண்டு நாள் உலர்த்திய பின் 20 மெகாஓமுக்கு மேல் ஏறியது. கசிவுச் சோதனையில் 28 விழுக்காடு. ஓசை சைலன்சர் வழியாகக் கேட்டது. வெளிவால்வை எடுத்து, அது பதியும் இருக்கையோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்திய பின் 12 விழுக்காடு. கார்புரேட்டரின் மெயின் ஜெட் பாதி அடைத்திருந்தது, கவர்னரைத் தொடவில்லை. சுமையில்லாமல் 238 வோல்ட், 52.2 ஹெர்ட்ஸ், 2 கிலோவாட் ஹீட்டரை இணைத்தபோது 229 வோல்ட், 50.3 ஹெர்ட்ஸ். ஏசி இரண்டாம் முயற்சியில்தான் கிளம்பியது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்த பின் தடையில்லை. சைலன்சரின் மடிப்பில், இரவுத்தங்கல் அவர்கள் சொன்ன இடத்திலேயே, விரல்நீள விரிசல் இருந்தது. புதிய சைலன்சர் போட்டேன்.

எடை மேடையில் பின் அச்சு வரம்புக்கு 70 கிலோ குறைவாக இருந்தது. ஜெனரேட்டருக்கு முன்பே அவ்வளவுதான் மீதம் என்பதால், படுக்கைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கதவுக்கு அருகே முன்பக்கம் மாற்றினேன். ஸ்டெப்னியும் அங்கேயே, இருக்கைக்கு அடியில் போயிற்று. இப்போது எல்லாம் ஏற்றிய பின்னும் 45 கிலோ மீதமிருக்கிறது.

இனி வாயுச் சோதனை. வேனை மூடி, 2 கிலோவாட் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். படுக்கையின் தலைமாட்டில் மீட்டர் சுழியம் காட்டியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மறுநாள், புகைக்குழாய் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வீசும்படி வேனைத் திருப்பி நிறுத்தி, அந்தப் பக்க ஜன்னலை இரண்டு விரற்கடை மட்டும் திறந்துவைத்தேன். பத்து நிமிடத்தில் 18 பிபிஎம். அலாரம் ஒலிக்கவில்லை, இந்த அளவில் அது ஒலிக்க வேண்டிய தேவையும் இல்லை என்பதை நீங்கள் சொல்லியிராவிட்டால், எல்லாம் சரியாக இருக்கிறதென்றே நான் முடிவுசெய்திருப்பேன். புகைக்குழாயை இன்னும் பின்மூலையை நோக்கி நகர்த்தி, முனையைக் கீழ்நோக்காமல் வெளிநோக்கித் திருப்பினேன். இப்போது அதே நிலையில் 3. ஜெனரேட்டர் ஓடும்போது அந்தப் பக்க ஜன்னலைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து, ஜன்னல் கொக்கியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாவதாக, ஜெனரேட்டரை ஓடவிட்டு, என் தம்பி ஓட்ட, நான் பின்னால் மீட்டரோடு அமர்ந்து நெடுஞ்சாலையில் சென்றேன். பின்கதவின் கீழ்மூலையில் 9 பிபிஎம் காட்டியது. ஜெனரேட்டரை நிறுத்திய பிறகும் 6 குறையாமல் நின்றது. அதாவது இத்தனை ஆண்டுகளாக, குழந்தைகள் பின்னால் உறங்கிக்கொண்டு வந்த பயணங்களில் எல்லாம், வேனின் சொந்தப் புகையே உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. பின்கதவின் ரப்பர் முழுவதையும் மாற்றிய பின் இரண்டு நிலையிலும் சுழியம்.

இரவில் ஓட்டுவது குறித்து: மாலை ஆறு முதல் பத்து மணி வரை ஓட்டி, உள்ளே நன்றாகக் குளிர்ந்த பின் நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறோம்.

செப்புக்கம்பி எழுதியது:

சேஞ்ச் ஓவர் சுவிட்சை ஜெனரேட்டர் நிலையில் வைத்து, ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மட்டும் நம்பாமல், சோதனைக் கருவியால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு உண்டாக்கிப் பார்த்தீர்களா?

நீள்சாலை எழுதியது:

பார்த்தேன். முதல் முறை விழவில்லை. ஜெனரேட்டருக்குள் நியூட்ரல் இணைப்பு இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றியிருக்கிறார். இணைத்த பின் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழுந்தது. வெளி இணைப்பிலும் சோதித்துவிட்டேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

முதல் பத்து மணி நேரம் ஓடிய பின் தொட்டிலின் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். வால்வு வேலை செய்திருப்பதால் ஆயிலை 20 மணி நேரத்திலேயே ஒருமுறை மாற்றிவிடுங்கள். பயணமில்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், பாதிச் சுமையோடு ஓட்டுங்கள். சுமையின்றி வெறுமனே ஓட்டினால் வைண்டிங்கின் ஈரமும் முழுமையாக உலராது, பிரஷ் வளையங்களும் சுத்தமாக இரா. அந்த இரண்டு மணி நேரமும் வேனைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம்.